கொட்டாம்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்த மணி

என் உயிருக்கு உயிரான அண்ணனுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. ஐந்தாவதோடு நின்ற கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

மேலூரில் நீ மணி அடித்த பள்ளிக்கூடத்துக்கு விழா எடுக்கிறார்கள், அதன் வரலாற்றை மலராகப் போடுகிறார்கள். நெல் கிட்டங்கியில் வகுப்பு நடந்த காலத்திலிருந்து இன்றைய மாடிக் கட்டடம் வரைக்கும் வருகிறதாம். எழுதுகிற சேகர் வாத்தியார் அங்கேயே படித்தவர். போன வாரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டார், "யக்கா, கொட்டாம்பட்டி பஸ் வந்த பெறகுதான் சோலைமலை அண்ணே மணி அடிப்பாராமே, நெசமா?"

எனக்குப் பகீரென்றது. 'வெளிய தெரிஞ்சா வேலை போயிரும் தங்கச்சி' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! மதியச் சோறு கொண்டுவந்தால் பள்ளிக்கூட வாசலில் நின்றே காதைக் கடிப்பாய். ஆம்பளப் பையன்கள் படிக்கிற இடம், அந்த வாசலைத் தாண்டி நான் வந்ததே இல்லை.

"யாருய்யா சொன்னது? எங்க அண்ணன் நேரந்தவறாத மனுசன்" என்று ஒரே போடாகப் போட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "நானே அந்த பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்தவன்தான்க்கா. எம்புட்டு லேட்டானாலும் நான் உள்ள கால வச்ச பெறகுதான் மணி கேக்கும்."

அதற்கு மேல் எப்படி மறைப்பது? மணிக்குப் பிந்தி வருகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் அல்லவா? "ரெண்டு நாள் திருப்பி அனுப்புனா, மாட்டைப் பத்திக்கிட்டுப் போடான்னுருவான் அவன் அப்பன். உன்னைய மாதிரி அவனும் பாதியில நிக்கணுமா?" என்று நீ கேட்டதைச் சொன்னேன். மணியாகக் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுக்குக் கீழே சுத்தியலோடு நின்று, பஸ் திரும்புகிற முக்கையே நீ பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

"மலர்ல போட்டுறாதீங்க. செத்த பெறகு எங்க அண்ணனுக்குக் கெட்ட பேரு வேணாம்."

அவர் உன் காலத்துத் தலைமையாசிரியரையும் போய்ப் பார்த்திருக்கிறார். பெரியவர் சொன்னாராம், "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தான்யா அவன். நான் வாட்ச்சை அஞ்சு நிமிசம் பின்னால திருப்பி வச்சுக்கிட்டுல்ல உக்காந்திருந்தேன்!"

அண்ணே, அம்புட்டு வருசம் பயந்தாயே! அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நீ பத்து நிமிடம் ஆக்கிவிடுவாய் என்று நினைத்தாரோ? அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது எனக்கு.

"போட்டுக்கங்க. பேரை மட்டும் கொட்டையெழுத்துல போடுங்க" என்றேன். உன் படமும் வருகிறது. அந்த பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர் இப்போது தாசில்தாராம். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராம், கேட்டாயா!

இப்போது அங்கே கரண்டு மணி. விழாவுக்காக உன் தண்டவாளத் துண்டை மறுபடியும் வேப்பமரத்தில் கட்டுகிறார்கள். முதல் மணியை நான்தான் அடிக்க வேண்டுமாம். வாசலைத் தாண்டி முதல் தடவையாக உள்ளே வரப்போகிறேன். எந்தப் பெரிய மனுசர் மேடையில் காத்திருந்தாலும் சரி, முக்கில் கொட்டாம்பட்டி பஸ் திரும்பட்டும், இறங்குகிறவர்கள் இறங்கி உள்ளே வரட்டும். அதற்கப்புறம்தான் அடிப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பஞ்சவர்ணம்