மஸ்கெலியாவுக்குப் போன உங்கட மகள்

என்ட உசுருக்கு மேலான ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட கப்ரை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். நீங்க மவுத்தான பிறகு உங்களுக்குச் சொல்ல எத்தனையோ சமாச்சாரம் சேர்ந்துபோச்சு. மற்றதெல்லாம் கிடக்கட்டும், இதை மட்டும் மனசுக்குள்ள வச்சுக்கொண்டு இருக்க என்னால முடியல்ல. ஷிபானா டீச்சர் ஆகிட்டா. உங்கட மகள், கணக்கு டீச்சர். எங்கட ஊர் எத்தாளையிலயும் இல்ல, புத்தளத்துலயும் இல்ல, மஸ்கெலியாவுக்கு மேல ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல.

உங்கட மனுசன், என்ட மச்சான்ட வாயால இதைக் கேட்டா நீங்க வேற கதை கேட்பீங்க. ஏதோ தானே ஆசைப்பட்டு மகளை அனுப்பி வச்ச மாதிரித்தான் இப்ப ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். அதனாலதான் நடந்ததை நடந்த மாதிரியே நான் எழுதுறன்.

நியமனம் வந்த அன்றைக்கு வீடு மையத்து விழுந்த வீடு மாதிரி இருந்திச்சு. மச்சான் சோத்தைத் தொடல்ல. ஒரு குமர்ப் பிள்ளை, முகம் தெரியாத சனத்துக்குள்ள, அவ்வளவு தூரத்துல எப்படி இருக்கிறது என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்ட பயம் எனக்கு விளங்காமல் இல்ல. நீங்க போன பிறகு அந்த வீட்டுல அவருக்கென்று இருக்கிறது அவள் ஒருத்திதானே. ஷிபானா அழவுமில்ல, சண்டை பிடிக்கவுமில்ல. பள்ளிக்கூடத்தைக் கண்ணால பார்க்காம நான் முடிவு சொல்ல மாட்டன் என்று சொல்லிட்டு கோழிக்குத் தீன் போடப் போயிட்டா. அச்சு அசல் நீங்கதான், போங்க.

மச்சான் அதுக்கும் ஒரு வழி வச்சிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர், இந்தப் பிள்ளையை விடுவிக்க எனக்கு ஆட்சேபணை இல்ல என்று ஒரு கடிதம் குடுத்தா, அதைக் காட்டிக் கெஞ்சி பக்கத்துல எங்கயாவது மாத்தி எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறாங்க. நேர்ல போய்க் கேட்கணும். வேன் பிடிக்க எங்களுக்கு வசதி ஏது? என்ட த்ரீவீல்லயே போவோம், அப்படியே மலையும் குளமும் பார்த்திட்டு வருவோம் என்று நான் சொன்னன். என்ட மனசுக்குள்ள வேற நினைப்பு இருந்திச்சு. அவள் அந்த இடத்தைப் பார்க்கட்டும், அவளை அந்த இடமும் பார்க்கட்டும் என்று நினைச்சன்.

லைசன்ஸ் எடு, லைசன்ஸ் எடு என்று எனக்குக் கரைச்சல் குடுத்தது நீங்கதானே? ஸ்கூல் பிள்ளைகளை ஏத்தி இறக்கிற அந்த வண்டிதான். கத்தார்ல இருக்கிற என்ட மனுசன் போன்ல, அது மலை ஏறுமா என்று கேட்டார். நான் ஏத்துறன் என்று சொல்லி போனை வச்சிட்டன்.

சுபஹ் தொழுதிட்டு வெளிக்கிட்டோம். கடையில சாப்பிட்டுக் காசைக் கரைக்கக் கூடாது என்று பாண், சீனிச்சம்பல், அவிச்ச முட்டை எல்லாம் கட்டியாச்சு. குடுக்கிறதுக்கு என்று ஒரு பை கருவாடு. இதுக்கு மேல மச்சான் ரெண்டு பெரிய கேன் நிறைய ஃபில்டர் தண்ணியைக் கொண்டுவந்து ஷிபானாட காலுக்குப் பக்கத்துல வச்சார். எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணிக்குப் பயந்து பயந்து வாழ்ந்த மனுசன், வெளியூர்த் தண்ணியை நம்பேலாதாம்.

முந்தல், சிலாபம், குருநாகல் எல்லாம் தாண்டினோம். ஒரு இடத்துலயும் இறக்கி அடையாள அட்டை கேட்கல்ல, ராத்தா. சண்டைக் காலத்துல புத்தளத்தைத் தாண்டுறதுக்கு நாங்க பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? அன்றைக்கு ராவு கம்பளையில ஷிபானாவோட படிச்ச பிள்ளையின்ட வீட்டுல தங்கினோம். தங்கமான சனம்.

மற்ற நாள் நாவலப்பிட்டி தாண்டின பிறகுதான் வண்டி தன்ட குணத்தைக் காட்டிச்சு. ஒரு வளைவுல முதலாவது கியர்ல போட்டும் முக்கி முனகி நின்றுபோச்சு. பாரத்தைக் குறைக்கணும் என்று சொன்னன். மச்சான் கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு, ஷிபானாவைக் கொஞ்ச தூரம் நடந்து வரச் சொன்னார். அவள் கேட்டாள்: "வாப்பா, என்னை இறக்கிட்டு இந்தத் தண்ணியத்தான் ஏத்திக்கொண்டு போகப் போறீங்களா?"

எனக்கு வந்த சிரிப்புக்கு பிரேக்கை விட்டிருந்தா மூன்று பேரும் நாவலப்பிட்டிக்கே போய்ச் சேர்ந்திருப்போம். மச்சான் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ரோட்டோரத்துல பாறைக்குள்ள இருந்து தண்ணி கொட்டிக்கொண்டிருந்திச்சு, பீலி என்று சொல்றாங்க. குடத்தோட நின்ற ஒரு மனுசி, இவர் கேன் தண்ணியை ஊத்துறதைப் பார்த்திட்டு, ஏன் அண்ணே, கெட்டுப்போச்சா என்று அக்கறையாக் கேட்டா. மச்சான் தலையை ஆட்டிக்கொண்டே மற்றக் கேனையும் ஊத்தினார். பிறகு அந்தப் பீலியில கையை ஏந்திக் குடிச்சார். நல்லாயிருக்கா என்று நான் கேட்கவேயில்ல, மூன்று தரம் குடிச்சதை எண்ணிக்கொண்டுதான் இருந்தன்.

காசல்ரீ குளத்தைக் கண்ட உடனே வண்டியை ஓரமா விட்டன். எத்தனை வடிவு, ராத்தா! மலைக்குள்ள மலை, நடுவுல தண்ணி, கரையில தேயிலை. எங்கட கடல்களப்புக் கரையில பிறந்து வளர்ந்த மச்சான் தண்ணிக் கரைவரைக்கும் இறங்கிப் போய், காத்து எந்தப் பக்கம் என்று பார்த்து, ஒரு வள்ளத்தையும் காணல்லயே, இவ்வளவு தண்ணி சும்மாவா கிடக்குது என்று கவலைப்பட்டார். ஷிபானா அவரைப் படம் எடுத்தாள். அந்தப் படத்துல அவர் சிரிக்கிறார். நீங்க போன பிறகு அவர் சிரிச்ச முதல் படம் அது.

நோர்வூட், மஸ்கெலியா தாண்டி, மவுஸ்ஸாகலைக் குளத்துக்கு மேல போனா பள்ளிக்கூடம். பக்கத்துலயே ஒரு அம்மாட வீடு, அவட மகள் அங்க பதினோராம் ஆண்டு படிக்கிறாள். வழி கேட்ட எங்களைத் தங்கச் சொல்லிட்டு, நீங்க எங்கட சட்டியில சாப்பிடுவீங்களோ தெரியாது என்று சொல்லி, அடுப்படியையே எங்களுக்கு விட்டுத் தந்தா. நாங்க கொண்டுபோன சட்டியில நான் கருவாடு ஆக்கினன். அந்த வீட்டுக் குளிர்ல ஒரு சட்டிக் குழம்பு நிமிசத்துல காலி. சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பிள்ளை, கணக்குக்கு வாற டீச்சர்மார் ஒருத்தரும் நிற்கிறதில்ல அக்கா என்று ஷிபானாட்டச் சொன்னாள். புதுசா வாறது நீங்கதானா என்று கேட்டாள். ஷிபானா வாப்பாவைப் பார்த்தாள். மச்சான் கையைக் கழுவ எழும்பிட்டார்.

காலையில அதிபரைப் பார்க்கப் போனோம். ரெண்டு வகுப்புக்கு ஒரேயடியாப் படிப்பிச்சுக்கொண்டு நின்ற மனுசன், கையெல்லாம் சோக்குத் தூள். எங்களை இருக்கச் சொல்லவும் இல்ல. கோபமாக் கூடச் சொல்லல்ல, களைச்சுப்போன குரல்ல சொன்னார்: "நீங்களும் கடிதம் வாங்கத்தானே வந்திருக்கீங்க? எழுதித்தான் வச்சிருக்கேன். பேரை மட்டும் போடணும்."

கேட்காமலே கிடைச்சிட்டே, மச்சான் கையை நீட்டினா முடிஞ்சுபோச்சே என்று எனக்குப் பயம் வந்திச்சு. ஷிபானா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சான்ட முகம் சிவந்துபோச்சு. உங்களுக்குத் தெரியுமே அந்த முகம், அவரை யாரும் குறைச்சு மதிச்சிட்டா வாற முகம்.

"நாங்க கடிதம் கேட்டு வரல்ல, சேர்," என்றார். "எண்ட புள்ளய எங்க விடப்போறம் எண்டு பாக்கத்தான் வந்தம்."

அதிபர் கையில இருந்த சோக்குத் தூளைத் தட்டிவிட்டார். பிறகு தானே போய் ஒரு கதிரையை இழுத்துவந்து போட்டு, இருங்க என்றார். ஷிபானா இருக்கல்ல. பதினோராம் ஆண்டு எந்த வகுப்பு என்று கேட்டுக்கொண்டு போயிட்டாள். கொஞ்ச நேரத்துல அவள்ட குரல் சுவரைத் தாண்டிக் கேட்டுச்சு, பயமில்லாத, நிதானமான குரல். இவள் நாங்க தூக்கி வளர்த்த பிள்ளையா என்று எனக்கே சந்தேகம் வந்திச்சு. மச்சான் வெளியில போய் பைப்பைத் திறந்து முகம் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே நின்றார். நீங்க அந்த நேரம் பக்கத்துல நின்றிருந்தா அவருக்கு என்ன சொல்லியிருப்பீங்க?

திரும்பி வரும்போது முந்தல்ல வண்டியை நிப்பாட்டினோம். அங்க தேத்தண்ணிக் கடையில, மலைக்கு ட்ரிப் போனீங்களா என்று கடைக்காரன் கேட்டான். ட்ரிப் இல்ல, எண்ட மக அங்க கணக்கு டீச்சர் என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். அன்றைக்குத் தொடங்கின பேச்சு, ராத்தா, இன்னும் நிற்கல்ல.

அடுத்த மாசம் பாலாவிச் சந்தியில அவளை பஸ் ஏத்தினோம். கூட வாறன் என்ற வாப்பாவை வேண்டாம் என்று சொல்லிட்டாள். பையைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். எனக்குத் தொண்ணூறாம் ஆண்டுதான் கண்ணுக்கு முன்னால வந்திச்சு. இயக்கக்காரங்க துவக்கைக் காட்டி முஸ்லிம் சனத்தையெல்லாம் போகச் சொன்னபோது, மன்னாரை விட்டு என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு வள்ளத்துல ஏறினீங்களே. பரீட்சை எழுத இருந்த பிள்ளை நீங்க, அதோட உங்கட படிப்பு நின்றுபோச்சு. எங்கட வீட்டுல இதுவரைக்கும் ஊரை விட்டுப் போன எல்லாரும் விரட்டப்பட்டுத்தான் போனாங்க. யாரும் விரட்டாம, தன்ட விருப்பத்துக்குப் பை கட்டிக்கொண்டு போன முதல் ஆள் உங்கட மகள்.

அவளா வாறன் என்று சொல்ற நாள்வரைக்கும் அவளை அங்க இருந்து ஒருத்தரும் கூட்டிவர நான் விடமாட்டன். மச்சான் அழுதாலும் சரி, நானே அழுதாலும் சரி. லீவுக்குக் கூட்டிவரவும் நான் போவன், லீவு முடிய மலை ஏத்திக் கொண்டுபோய் விடவும் நானே போவன். இது உங்கட மேல சத்தியம்.

இப்படிக்கு,
ஷிபானா டீச்சர்ட சாச்சி,
நீங்க கையைப் பிடிச்சு வள்ளத்துல ஏத்தின உங்கட தங்கச்சி.