இடது பக்கச் சீட்டு

14 டிசம்பர் 2008, ஞாயிறு

ட்ரையல் ரன் முடிந்தது. வண்டி பாஸ். மற்றதெல்லாம் ஃபெயில்.

பழைய வேனைப் பிரித்து மூன்று மாதமாக வேலை பார்த்தேன். பின்னால் பலகைக் கட்டில், ஒரு அடுப்பு, தண்ணீர் கேன். ஆர்டர் இல்லாததால் ஃபேக்டரியை 19ஆம் தேதியிலிருந்து ஜனவரி ஒன்றுவரை மூடுகிறார்கள். அந்த நாட்களில் நானும் சுமாவும் பந்திப்பூர் காடு வழியாகக் கேரளா இறங்கி, கடலோரமாகவே வடக்கே ஏறி, ஆகும்பே மலை வழியாகத் திரும்புவது என்பது திட்டம். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் முதல் பயணம்.

இன்று சோதனைக்காக ஓசூரிலிருந்து நாட்றாம்பாளையம் கிளம்பினோம். தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டு ரோட்டில் மலை ஏறும்போது, "ஏங்க, சீட்டு சுடுது. நிறுத்துங்க" என்றாள். இந்த மாதிரி வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா? அதற்குத்தானே புது இன்சுலேஷன் ஷீட் போட்டேன்? "அஞ்சு நிமிஷம் பொறு, அஞ்செட்டி வந்துரும்" என்றேன். ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள். அப்புறம்தான் நிறுத்தினேன்.

அவள் இறங்கி முகம் கழுவும்போது, ஃபேக்டரியிலிருந்து எடுத்து வந்த, தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன்னை அவள் சீட்டில் காட்டி அழுத்தினேன். 38 டிகிரி. வெயிலில் நிற்கும் சைக்கிள் சீட்டே இதைவிடச் சுடும். காட்டினேன்.

"நான் சுடுதுங்கறேன். நீங்க மிஷின் சுடலைங்குதுன்னு சொல்றீங்க. அந்த மிஷினையே கூட்டிக்கிட்டு ஊர் சுத்துங்க."

அஞ்செட்டியில் இறங்கி பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்குத்தான் போயிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. பேரிகைக்கு, அம்மா வீட்டுக்கு.

16 டிசம்பர்

மாமியார் வெங்கடம்மா போன் செய்தார். "மாப்ளே, மனசுல வெச்சுக்காதீங்க. இவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. படிச்சவரு அளந்து பாத்துச் சொல்றாரு, நீ என்னாடி பெருசான்னு நல்லாக் கேட்டுட்டேன்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சுமாவிடம் கொடுக்கச் சொன்னேன். வெகுநேரம் கழித்து வந்தாள்.

"பொங்கல் வரைக்கும் இங்கதான் இருப்பேன். அப்புறம் அங்க வரதா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்."

வேணாமா என்றால்? ஒரு சீட்டுக்காகவா? "அப்ப நான் தனியாவே போறேன்" என்றேன்.

"போங்க."

19 டிசம்பர், வெள்ளி

கிளம்பியாயிற்று. ஷிஃப்டில் என்னோடு இருக்கும் மாடசாமி வழியனுப்ப வந்தான். சங்கரன்கோவில்காரன், வாய் சும்மா இருக்காது. "ஏல, பொண்டாட்டிக்குன்னு செஞ்ச கட்டில்ல நீ மட்டும் படுக்கப் போறியாக்கும்? நல்ல தேனிலவுதாம்ல."

தளி, கனகபுரா, மைசூர். டேஷ்போர்டில் அட்டையில் எழுதி ஒட்டிய நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டேன். முன்னால் வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. பெட்ரோல் பங்கில் படுக்கை.

20 டிசம்பர்

பந்திப்பூர். ரோடு முழுக்கக் காட்டு விலங்குக்காக வேகத்தடை. யானை ஒன்று குட்டியோடு ரோட்டோரம் நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தன. ஜனங்கள் பேசக்கூட இல்லை. நான் மட்டும் வாட்சைப் பார்த்தேன். யானை பாட்டுக்கு மூங்கிலை ஒடித்து ஒடித்துக் குட்டியின் பக்கம் தள்ளியது. பக்கத்துக் காரில் இருந்த அம்மா, "நோடி நோடி" என்று கன்னடத்தில் பார்க்கச் சொல்லித் தன் வீட்டுக்காரரைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் யாரையும் தட்ட முடியாது.

கூடலூரில் சாப்பாடு. நல்ல குளிர்.

21 டிசம்பர்

நாடுகாணி இறக்கம் முழுக்க மூங்கிலும் மூடுபனியும். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. நிலம்பூரில் தேக்கு மரங்கள் வரிசை வரிசையாக, யாரோ ஃபிக்ஸ்சர் வைத்து அளவு பிசகாமல் நட்டதுபோல. கோழிக்கோடு கடற்கரையில் இருபது நிமிடம். கடல் பார்த்தாயிற்று.

23 டிசம்பர்

கண்ணூருக்கு முன்னால் ஒரு கடற்கரை. மணல் சிமெண்ட் தரைபோல இறுகிக் கிடக்கிறது. வண்டியையே ஓட்டலாம். ஓட்டினேன். அலை டயரைத் தொட்டுவிட்டுப் போனது. என்னை மறந்து "ஏய், பாரு பாரு" என்று இடது பக்கம் திரும்பிக் கத்தினேன்.

சீட்டில் தண்ணீர் பாட்டிலும் துண்டும்.

24 டிசம்பர்

மங்களூர். எஸ்டிடி பூத்திலிருந்து பேரிகைக்குப் போட்டேன். மாமியார்தான் எடுத்தார். அவள் குளிக்கிறாளாம். சாயங்காலம் போட்டேன். அப்போதும் குளிக்கிறாளாம்.

25 டிசம்பர், வியாழன்

மரவந்தே. ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. நடுவில் வண்டி மட்டும் போக இடம். சுமா போட்டோவில் பார்த்துவிட்டு, "இங்க ஒரு நாள் பூரா இருக்கணும்" என்று சொன்ன இடம். அட்டையில் நான் போட்டிருந்தது ஒரு மணி நேரம்.

பாறையில் உட்கார்ந்து குக்கரைக் கழுவும்போது வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு குந்தாபுரா வரை வந்தேன். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டார். எலும்பு உடையவில்லை, ஆனால் ஓட்டக் கூடாது.

கோகர்ணா, கார்வார் எல்லாம் கேன்சல்.

26 டிசம்பர்

குந்தாபுராவில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில், முதுகில் தமிழில் 'சூளகிரி' என்று எழுதிய தக்காளி லாரி. பக்கத்தில் கைலியோடு ஒருவர். பேர் சின்னராஜ். கோவாவில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது கியர்பாக்ஸ் போய்விட்டதாம், சாமான் வரப் பத்து நாளாகுமாம்.

என் ஊரைக் கேட்டார், சொன்னேன். "ஒசூரா தம்பி? நாலு நாளா தமிழ் பேச ஆளில்லாம எனக்கு வாயே துருப்புடிச்சுப் போச்சு. நட, நானே ஓட்டறேன். பஸ்ஸு காசு எனக்கு மிச்சம், கை உனக்கு மிச்சம்."

கட்டிலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்குப் போட்டிருக்கே?" என்றார். நான் சாவியை நீட்டினேன். அவர் அதோடு விட்டுவிட்டார்.

27 டிசம்பர், சனி

எழுத வேண்டியது நிறைய. இடது கையால் எழுதுகிறேன், கோணல்.

மத்தியானம் கிளம்பினோம். சின்னராஜ் வலது பக்கம், நான் இடது பக்கம். இந்த வண்டி வாங்கியதிலிருந்து நான் இடது பக்கம் உட்கார்ந்ததே இல்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஹெப்ரி வரை ஒன்றுமில்லை. அதற்கப்புறம் காடு, ஆகும்பே ஏற்றம். இரண்டாம் கியரில் ஏற ஏறத் தொடைக்கு அடியில் சூடு வந்தது. முதலில் வெயில் என்று நினைத்தேன். காட்டுக்குள் வெயில் ஏது? இரண்டு வளைவு தாண்டியதும் தோசைக்கல்லில் உட்கார்ந்ததுபோல ஆகிவிட்டது. கூடவே பெட்ரோல் வாசனை. ஒரு பக்கமாகச் சாய்ந்தேன், மறுபக்கம் சாய்ந்தேன்.

"என்னா தம்பி, மூலமா?"

"உங்க பக்கம் சுடலையாண்ணா?"

"எனக்கு ஏசி மாதிரி ஜில்லுனு இருக்கு. உனக்குச் சூட்டு ஒடம்பு. மேல போயி மோர் வாங்கிக் குடி."

சூட்டு உடம்பாம். அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபம்!

"நிறுத்துங்கண்ணா."

"வளைவுல எங்க நிறுத்தறது? அஞ்சு நிமிசம் பொறு."

அஞ்சு நிமிஷம்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் அகலமான இடத்தில் நிறுத்தியதும் கதவைத் திறந்து கீழே விழுந்தடித்து இறங்கினேன். எல்லாம் வெளியே வந்தது. சின்னராஜ் முதுகைத் தடவிக்கொண்டே, "கை உடைஞ்சவனா, மாசமா இருக்கறவனா நீ?" என்று சிரித்தார்.

முகம் கழுவிவிட்டு வந்து கன்னை எடுத்து என் சீட்டில் அழுத்தினேன். 39.

கதவு திறந்திருந்தது. மலைக்காற்று அடித்தது. நின்ற வண்டி. அன்றைக்கும் அப்படித்தான் அளந்தேன்.

இன்னும் கொஞ்சம் ஏற்றம் பாக்கி இருந்தது. கதவை மூடி, வண்டி ஏறும்போதே கன்னைச் சீட்டின் ஓரத்துக்கு அடியில் காட்டினேன். 61.

ஆகும்பேயில் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்களாம். சின்னராஜ் கூப்பிட்டார். நான் போகவில்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம்.

29 டிசம்பர், திங்கள்

ஓசூர். நேற்று இரவு சின்னராஜ் வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுச் சூளகிரிக்குக் கிளம்பினார். "அடுத்த தடவ பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போ தம்பி. நீ நல்லவன்தான், ஆனா பேச்சுத் துணைக்கு ஆவ மாட்டே" என்றார்.

இன்று மாடசாமி வந்து சீட்டைத் தூக்கிக் கொடுத்தான். எஞ்சின் மூடியைச் சுற்றி ரப்பர் சீல் உண்டு. கட்டிலின் முன்கால் பொருந்துவதற்காக இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு அதை வெட்டியிருக்கிறேன். நானேதான். செப்டம்பரில். அந்த இடைவெளி வழியாகத்தான் மொத்தச் சூடும் ஏறியிருக்கிறது, நேராக அவள் உட்காரும் இடத்துக்கு.

கட்டில் காலை நகர்த்தி, புது சீல் ஒட்டினோம். வேலை அரை நாள்கூட இல்லை.

31 டிசம்பர்

பேரிகை. கை பரவாயில்லை, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். தக்காளிச் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர மத்தியானம்.

சுமா வாசலுக்கு வந்தாள். என் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். நான் சீட்டைத் தூக்கிப் புது சீலைக் காட்டினேன். வரும் வழியில் ஓட்டிக்கொண்டே அளந்ததைச் சொன்னேன். 34. இப்போதும் அளந்து காட்டலாம் என்று கன்னை எடுத்தேன்.

"அதை உள்ள வைங்க."

வைத்தேன்.

"இப்ப சுடாதுன்னு தெரியுது. அன்னைக்குச் சுட்டுச்சா இல்லியா?"

"சுட்டது."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. எங்கம்மாகிட்ட சொல்லுங்க. பதினேழு நாளா இந்த வீட்ல நான்தான் பொய்க்காரி."

மாமியார் சமையலறையில் இருந்தார். போய் நின்று சொன்னேன். சீட்டு சுட்டது, வெட்டியது நான், அளந்ததும் தப்பாக அளந்தேன். சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்தது.

"ஐயோ, தெனமும் இவளைத்தானே திட்டுனேன்!" என்றார். அப்புறம் கரண்டியோடு என் பக்கம் திரும்பி, "அப்ப என்னாத்தை மாப்ளே அளந்தீங்க?" என்றார்.

காபி வந்தது. சுமா கொண்டுவரவில்லை. கிளம்பும்போது மட்டும் வேன் பக்கத்தில் வந்து, "கடல் எப்புடி இருந்துச்சு?" என்றாள்.

"சரியாப் பாக்கலை."

"அதுக்கு எதுக்கு அத்தனை தூரம்?"

2 ஜனவரி 2009

ஃபேக்டரி திறந்தார்கள். வாரத்துக்கு நாலு நாள்தான் வேலையாம். கன்னை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

15 ஜனவரி

மாட்டுப் பொங்கல். போன் வந்தது. அவளேதான். "ஞாயித்துக்கிழமை வாங்க. நாட்றாம்பாளையம் போய்ப் பாக்கலாம். சும்மா போய்ப் பாக்கத்தான்."

18 ஜனவரி, ஞாயிறு

பேரிகையில் ஏறினாள். பை கொண்டுவரவில்லை.

டேஷ்போர்டில் அட்டை இருந்த இடத்தில் பசை மட்டும் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். தேன்கனிக்கோட்டையில் கொய்யாப்பழம் வாங்க நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். காட்டுக்குள் குரங்கு பார்க்க நிறுத்தச் சொன்னாள். அடுத்த வளைவில் எதற்கு என்று சொல்லாமலே நிறுத்தச் சொன்னாள். மதகுச் சுவரில் உட்கார்ந்து உப்பு தொட்டுப் பழம் முழுக்கத் தின்றாள். எனக்கும் பாதி. கால் துறுதுறுவென்றுதான் இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

நாட்றாம்பாளையம் போய்ச் சேரவில்லை. அஞ்செட்டியிலேயே வெயில் இறங்கிவிட்டது. திரும்பினோம். தேன்கனிக்கோட்டை வரும்போது, "பேரிகையில விடட்டுமா?" என்று கேட்டேன்.

"துணியெல்லாம் அம்மா பஸ்ஸுல குடுத்துவிடும். நேரா வீட்டுக்குப் போங்க." கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் லேசா சுடுதுங்க" என்றாள்.

ஓரமாக நிறுத்தினேன். எந்த இடத்தில் என்று கேட்டேன். என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.