கேட்டைத் திறக்கத் தெரியாத தரகர்

உட்துறைமுக வீதியே இன்னும் பெயர் சொல்லித் தேடுகிற என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் கண்மூடிப் போன பிறகு இங்கே எல்லாக் காரியத்தையும் நான்தான் தாங்கிக்கொண்டிருக்கிறேன், கவலை வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வீட்டை விற்கிறோம், அத்தான். அக்காவின் கண் இரண்டும் மங்கிவிட்டது, ஒப்பரேசன் செய்ய வேண்டும். இனித் தனியே இருக்க ஏலாது, சாம்பல்தீவில் மகளோடு இருக்கப் போகிறார். வாங்குகிறவர் உங்கள் கூட்டாளி, கிண்ணியா றஹீம் நானா. "விக்கிறதெண்டா முதல் எனக்குத்தான் சொல்லோணும்" என்று உங்களிடமே கேட்டு வைத்தவர், தானாக வந்து அக்காவோடு பேசி விலை முடித்தார். நடுவில் ஒருவரும் இல்லை.

அப்படியிருக்க, தரகர் யோகன் கொமிசன் கேட்கிறார்! கொடுத்தால் அக்காவின் கண்ணுக்கு ஒதுக்கியது அப்படியே போய்விடும்.

நடந்தது இதுதான். றஹீம் நானா காணியை அளந்து பார்க்க வந்த அன்று, மோட்டார் சைக்கிளில் போன யோகன், கேட் திறந்திருக்கக் கண்டு உள்ளே வந்தார். கிணற்றடியில் நின்று தண்ணீரின் ருசியைப் பற்றி ஒரு பிரசங்கம். நானும் மரியாதைக்கு, "இவர் நம்மட ஆள்தான் நானா, ஊரில எல்லா வீட்டுக் கதையும் இவற்ர கைக்குள்ள" என்றேன். எனக்கு ஆட்களுக்கா பஞ்சம்? துறைமுகத்துக்கு வருகிற கப்பல் கப்டன்மார்கூட என்னை விசாரிக்காமல் நங்கூரம் தூக்குவதில்லையே! அந்த ‘நம்மட ஆள்’ என்ற ஒரு சொல்லில்தான் யோகன் இப்போது தொங்குகிறார்.

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஐயாவிடம் போனேன். சட்டம் எனக்கும் தெரியும், நீதிமன்றத்துக்கு முன்னால் எத்தனை வருடம் தேநீர் குடித்தவன்! அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்கள் அவரைத் தரகுக்குப் பிடிக்கேல்லை, அவர் வாங்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வரவும் இல்லை எண்டால் குடுக்கத் தேவையில்லை. ஆனா ஆக்களுக்கு முன்னால அவரைத் தரகர் மாதிரி ஏதும் கதைச்சனீங்களோ?" என்றார்.

எனக்கு இருமல் வந்துவிட்டது.

நேற்று எல்லோரும் கேட்டடியில் கூடினோம். "நான்தானே வீட்டைக் காட்டினனான்" என்றார் யோகன்.

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இந்தக் கேட்டைத் திறவுங்கோ தம்பி, பாப்பம்" என்றார்.

உப்புக்காற்றில் இற்று இறங்கிப்போன உங்கள் கேட், அத்தான்! யோகன் தள்ளினார், இழுத்தார், தோளால் இடித்தார்.

"பூட்டிக் கிடக்கு அக்கா."

"அதுக்குப் பூட்டே இல்லை தம்பி."

றஹீம் நானா முன்னால் வந்தார். நீங்கள் செய்வது போலவே இடக்கையால் கொஞ்சம் தூக்கி, முழங்காலால் ஒரு தட்டு. திறந்துவிட்டது. "கேட்டே திறக்கத் தெரியல்ல, நீங்களா எனக்கு வீடு காட்டின?"

யோகன் விடவில்லை. என்னைக் காட்டி, "இவர் என்னை நம்மட ஆள் எண்டு சொன்னவரோ இல்லையோ?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கு ஒட்டிக்கொண்டது, அத்தான். என் நாக்கு!

நானா சிரித்தார். "இவரு கப்பல் கப்டனையும் நம்மட ஆளெண்டுதான் சொல்ற. அவனுக்கும் கொமிசன் குடுக்கிறதா?"

அக்காவும் சிரித்துவிட்டார், நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. கப்டன் கதை உண்மையென்று நான் அங்கேயே நிரூபித்திருப்பேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆனால் யோகன், "லோயரோட வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வருவாரா? நான் சொன்ன ஒரு சொல், அக்காவின் கண்ணையா விலை கேட்கும்?

உறுதி எழுதுகிற நாளில் நொத்தாரிசு ஐயாவுக்கு முன்னால் கதிரையில் வாய் மூடி இருப்பேன். கண் ஒப்பரேசன் முடியும்வரை ஒருவரையும் நம்மட ஆள் என்று சொல்லமாட்டேன். இது உங்கள்மேல் ஆணை. இப்போதைக்கு அப்படிச் சொல்ல எனக்கு நீங்கள் ஒருவர்தான்.

என்றும் உங்கட ஆள்,
சின்ன மச்சான் குணம்