பீத்ருவுக்கு நான் சொன்ன ஆமாம்

ஆவணி 3, திங்கள்

இத்தாலிக்காரன் பீத்ரு செத்துப்போனான். தங்கச் சுரங்கத்தில் வேலை. ராபர்ட்சன்பேட்டையில் என் கடைக்கு நாலு வருஷ வாடிக்கை. மார்ச்சளி, ஜுரம். நேற்று அடக்கம். தூறல் விடவில்லை. கடையில் கூட்டம் இல்லை.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அவன் குடிசைக்குப் போனேன். கூட்டாளிகள் எல்லாரும் ஷிஃப்டில். என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினான். ஏதோ கேட்கிற மாதிரிப் பேச்சு. எனக்குத் தெரிந்த இத்தாலி பாஷை எண்களும் ரொட்டியும் சாராயமும்தான். கடையில் அவர்கள் என்ன பேசினாலும் "சி, சி" என்பேன். அவர்களுக்கு அது ஆமாம். மீதி வியாபாரம் விரலால் முடிந்துவிடும். அன்றைக்கும் வாய் தானாக "சி, சி" என்றது. என் கையை முத்தமிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். விடிவதற்குள் போய்விட்டான்.

ஆவணி 5, புதன்

மழை விட்டது. சோப்பு இரண்டு பெட்டி, மெழுகுவத்தி வந்தன. சர்க்கரை வரவில்லை.

கார்லோ மேஸ்திரி வந்தான். பீத்ருவின் ஊர்க்காரன். சுரங்கத்தில் பொறுக்கிய தமிழ்.

"சாவறப்போ பீத்ரு சொன்னான். கடைக்கார் ஒத்துக்கிட்டான், இனி பயம் இல்லே. இன்னா ஒத்துக்கிட்டே நீ?"

"உங்கிட்ட சொல்லலியா?"

"அவ்ளோதான் சொன்னான். பொண்டாட்டிக்குக் காயிதம் எழுதணும். நீ சொல்லு."

வெள்ளிக்கிழமை வா என்றேன். வராத சரக்குக்குச் சொல்கிற மாதிரி.

வீட்டுக்காரி உள்ளேயிருந்து: "எதுக்கெடுத்தாலும் சீ சீன்னாதீங்க, கேக்கறவங்க வையறீங்கன்னு நெனைப்பாங்கன்னு அப்பவே சொன்னேன்." மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

என்ன கேட்டிருப்பான்? பிள்ளைகளா? கல்லறைக்குக் கல்லா? துணிமணிப் பெட்டியை ஊருக்கு அனுப்பச் சொன்னானா? பேத்தமங்களா மண்டிக்காரர்கள் என் வாய்ச் சொல்லை நம்பி வண்டி வண்டியாக நெல் ஏற்றிவிடுகிறார்கள். கொடுத்த வாக்கு என்னவென்றே தெரியாத ஆள் நான்.

ஆவணி 6, வியாழன்

பட்டணத்திலிருந்து தேவசகாயம். காலேஜில் என்னோடு ஒரே பெஞ்சு; இப்போது அங்கேயே வாத்தியார். பழைய மாணவர்களிடம் வசூலுக்கு வந்திருக்கிறான். ஃப்ரெஞ்சு, ஜெர்மன் வகுப்புகளை நிறுத்தாமல் நடத்த ஒரு நிதியாம்.

"ரெண்டு மாசம் ஃப்ரெஞ்சு வகுப்புல குந்திட்டு, புஸ்தகத்தை வித்துட்டு அரிசி மண்டிக்கு ஓடினவன் நீ. உங்கிட்ட போவாதேன்னுதான் சொன்னாங்க."

"பின்னே இன்னாத்துக்கு வந்தே?"

"நம்ம பெஞ்சுல உங்கிட்டதானேப்பா பணம் இருக்குது."

புஸ்தகம் விற்ற கதையை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவன் வாயால் கேட்கப் பெருமையாக இல்லை. பீத்ரு விஷயத்தைச் சொன்னேன்.

"ஏதாவது நல்லதா ஒண்ணு சொல்லிடு. அந்த அம்மாவுக்கும் ஆறுதல்," என்றான்.

இரண்டு நாளாக என் யோசனையும் அதுதான். இன்னொருவன் சொல்லும்போது அசிங்கமாக இருந்தது.

ஆவணி 7, வெள்ளி

நல்ல வெயில். காலையிலேயே கார்லோ. உள்ளதைச் சொன்னேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை, சும்மா ஆமாம் போட்டேன் என்று.

தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"அந்த அம்மாவுக்குப் பணம் அனுப்பட்டா?" என்றேன்.

"பணம்னா பீத்ரு என்கிட்டே கேப்பான். உன்கிட்டே வேறே இன்னாவோ கேட்டான்." பிறகு, "சந்தோசமா போனான்னு எழுதறேன். நீ சொன்னதை எழுத மாட்டேன்."

ரொட்டி வாங்காமல் போனான்.

தேவசகாயம் ரயிலுக்குக் கிளம்புமுன் பேசினோம். இத்தாலி பாஷையும் சொல்லிக்கொடுத்தால் பணம் தருகிறேன் என்றேன். இத்தாலி பாஷை பரீட்சையில் இல்லை, கமிட்டி ஒத்துக்காது என்றான். பரீட்சை யார் கேட்டார்கள் என்றேன். பட்டணத்தில் ஒரு இத்தாலிப் பாதிரி இருக்கிறாராம், சொல்லிக்கொடுப்பாராம். நூறு கேட்டான், ஐம்பதில் ஆரம்பித்தேன். பழக்கம்.

முடிவானது: ஃப்ரெஞ்சு நிதிக்கு வருஷம் பத்து ரூபாய். இத்தாலி படிக்கிற ஒரு மாணவனுக்கு வருஷம் எழுபது, பத்து வருஷத்துக்கு. கோடை லீவில் இரண்டு மாசம் அவன் இங்கே தங்கி, ஜுரத்தில் கிடக்கும் இத்தாலிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சாப்பாடு என் வீட்டில். பணம் கொடுத்தவர்கள் என்று காலேஜ் பலகையில் என் பேர் போடக் கூடாது.