மீனாம்பாள் மில் காலனி, ஒன்றாம் நம்பர் வீடு

3 ஜூன் 2024

காலையிலிருந்து சாரல். மூன்றாவது வரிசை வீடுகளும் இன்று தரைமட்டம். இலஞ்சி ரோட்டிலிருந்து பார்த்தால் மலை நேராகத் தெரிகிறது. அறுபத்து நான்கு வீட்டில் அறுபத்து மூன்றைக் காலி செய்துவிட்டேன். மிச்சம் ஒன்றாம் நம்பர். பழைய லேபர் ஆபீசர் ஆவுடையப்பன்.

மில் நிலத்தை வாங்கிய கோட்டயம் கம்பெனி ரிசார்ட் கட்டப்போகிறது. குடியிருப்பவர்களைக் காலி செய்ய உள்ளூர் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் நானே போய் நின்றேன். சம்பளத்துக்காக என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்த நோட்டில் பொய் எழுத வேண்டாம்.

5 ஜூன்

எழுதிவிடுகிறேன். 1961-ல் மில் வந்தது. கூடவே வீடுகள், பள்ளிக்கூடம், ரேஷன் கடை. சங்கு ஊதினால் எழுந்தோம், சங்கு ஊதினால் சாப்பிட்டோம். கல்யாணத் தேதியைக்கூட ஷிப்ட் பார்த்துத்தான் குறித்தார்கள். 2003-ல் மூடினார்கள். போக இடமில்லாதவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

நாங்கள் அதற்கு முன்பே துரத்தப்பட்டோம். 1996-ல் அப்பா பஞ்சு அறையில் மயங்கி விழுந்து இறந்தார். எனக்குப் பதினேழு. தலைமாட்டில் ஏற்றிய விளக்கு பதினாறு நாள் அணையக் கூடாது. நான்காம் நாள் ஆவுடையப்பன் வந்தார். "வேல பாக்கவனுக்குத்தாம்மா வீடு. ஆள் வரிசையில நிக்கான்."

வாட்ச்மேன் எங்கள் பானைகளை வெளியே வைத்தான். அம்மா விளக்கை முந்தானையால் மறைத்துக்கொண்டு பாவூர்சத்திரம் பஸ்ஸுக்குப் போனாள். "தீயோட ஏறக்கூடாது. அணைச்சிட்டு ஏறுங்க" என்றார் கண்டக்டர். அம்மா தன் வாயாலேயே ஊதினாள். சாகும்வரை சொன்னாள், "நாந்தான் ஊதி அணைச்சேன்."

10 ஜூன்

ஆவுடையப்பனுக்கு நோட்டீஸ் கொடுத்தேன். எண்பது வயது அவருக்கு. என்னை அடையாளம் தெரியவில்லை. "டீ குடிக்கியளா மேடம்?" உள்ளே அவர் மனைவி பேச்சித்தாய், படுத்த படுக்கை. "இவ மூச்சு இருக்க வரைக்கும் விடுங்க" என்றார். இருபத்திரண்டாம் தேதி என்றேன். டீ குடிக்கவில்லை.

17 ஜூன்

பேச்சித்தாய் இன்று காலை போய்விட்டாள்.

தேதியைத் தள்ளலாம். கோட்டயத்திலிருந்து கம்பெனியின் சாம் சாரே போனில், "ரெண்டு வாரம் கழிச்சாலும் குழப்பமில்லை" என்றார். மழை வலுக்கும், பொக்லைன் கிடைக்காது என்று ஏதோ சொன்னேன்.

தம்பி நம்பிராஜன், ஆலங்குளத்தில் போலீஸ், வந்து கத்துகிறான். "எக்கா, பதினாறு கழியட்டும். அந்தப் பொம்பள ஒனக்கு என்ன செஞ்சா?"

என்ன செஞ்சாளா? நாங்க பானையத் தூக்கிட்டுப் போகும்போது வாசல்ல நின்னு பாத்தா. ஒரு வார்த்த சொன்னாளா? இவனுக்கு அப்ப ஏழு வயசு. இவனுக்கு என்ன தெரியும்?

19 ஜூன்

இன்னும் மூன்று நாள். நன்றாகப் பசிக்கிறது.

22 ஜூன்

பொக்லைன் ஒன்பது மணிக்கு வந்தது. ஆவுடையப்பன் பேச்சித்தாய்க்கு ஏற்றிய விளக்கோடு வெளியே வந்தார். கெஞ்சுவார் என்று காத்திருந்தேன் — இருபத்தெட்டு வருஷம். கெஞ்சவில்லை.

"நான் யாருன்னு தெரியுதா?" என்றேன்.

"மொத நாளே தெரியும் தாயி. ஒங்கம்மா மொகம். அதான் பதினாறு கேக்கல. கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?"

மன்னிப்பும் கேட்கவில்லை. ஆலங்குளத்தில் தங்கச்சி வீடாம். குடைக்குள் விளக்கை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். வீடு இடிவதைப் பார்க்காமல் காரில் பின்னாலேயே போனேன். அது அணைவதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

பஸ் வந்தது. "ஏறுங்க தாத்தா, மெள்ள" என்றான் கண்டக்டர். "டிரைவரண்ணே, பிரேக்க பாத்துப் போடுங்க, விளக்கு இருக்கு." ஒரு பெண் எழுந்து இடம் விட்டாள். இன்னொருத்தி காற்று வராமல் ஜன்னலை அடைத்தாள்.

பாவூர்சத்திரம் சந்தை நெரிசலில் பஸ் நின்றபோது காரை விட்டு இறங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். எரிகிறது.

எங்கம்மாவுக்கு ஏன் இந்த பஸ் வரல? யார் மேல நான் கோவப்பட?

12 ஆகஸ்ட்

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மூடிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் குடியிருப்பு. நாற்பத்தொரு வீடு. என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று சாம் சார் சொன்னாராம். நம்பிராஜன் இன்னும் பேசுவதில்லை.

இன்று நோட்டீஸ் கொடுத்து முடித்தேன். கடைசி வீட்டில் ஒரு நிறைமாதக்காரி. "பேறு முடியட்டும்க்கா, ஒரு மாசம் போதும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை என்றேன்.