பகலில் பூக்கும் அல்லி

மச்சான்,

இன்று காலை என் வீட்டுத் தோட்டக் குளத்தில் நானே விழுந்தேன். பழுத்த அல்லி இலையைக் கிள்ளக் குனிந்தவன், உட்கார்ந்த வாக்கில் உள்ளே போய்விட்டேன். லுங்கி மட்டும் பெரிய இலை மாதிரி விரிந்து மிதந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா என் மகன், கார் ஷெட்டுக்கு அளவெடுக்க ஆளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்?

"இதுக்குத்தாம்பா சொல்றேன், மண்ணக் கொட்டி மூடிடலாம்னு."

"யார்ரா விழுந்தது? குளிச்சிக்கிட்டிருக்கேன்."

சட்டையோடா என்று அளவெடுக்க வந்தவர் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர். எழுந்தால் டேப்பை நீட்டிவிடுவார்கள் என்று நானும் எழவில்லை. கலங்கிய களிமண் வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய்.

பல வருஷத்துக்கு முன்னால் லாரியில் ஏற்காடு போய்த் திரும்பிய நீ, ஈரச் சாக்கில் ஒரு கிழங்கைச் சுற்றிக்கொண்டு வந்தாய். இஞ்சி என்று நினைத்து உன் தங்கச்சி அடுப்படிக்கு எடுத்துப் போகப் பார்த்தாள்.

"குளிர் நாட்டு அல்லி மாப்ள. பனிக்கு அடியில கெடந்தே பொழைக்குமாம்."

"நம்ம அரியலூர் வெயிலுக்கு?"

"அதையுந்தான் பாத்துடுவோமே."

சிமெண்ட் கடையில் மூட்டை இறக்கியே தலை நரைத்தவன் நான். பத்தாவது தாண்டவில்லை என்றாலும் சிமெண்டில் எனக்கு யாரும் பாடம் நடத்த முடியாது என்ற நினைப்பு. தொட்டியை நானே கட்டினேன். பூச்சு இறுகியதும் தண்ணீரை நிரப்பி அன்றைக்கே கிழங்கை இறக்கினேன். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கருகிய அப்பளம். கரையில் உட்கார்ந்து நீ சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது.

"சிமெண்ட் ஊர்லயே பொறந்து, அதோட காரம் தெரியலயே மாப்ள!"

பிறகு வாழைத்தண்டும் சாணியும் போட்டு ஊறவைத்தோம். இறைத்தோம், நிரப்பினோம், மறுபடி இறைத்தோம். அடுத்த கிழங்குக்கு நான் ஒரு கூடை எருவோடு வந்தேன். "தண்ணி நாறிடும், ஏரிக் களிமண்ணே போதும்" என்று பிடுங்கி வைத்துவிட்டாய். கிழங்கைச் சாய்த்துப் படுக்கவைத்து, முளையை வெளியே விட்டு, மேலே கூழாங்கல்லைப் பரப்பினாய். "தலைய மட்டும் பொதைச்சிடாத."

பூத்தது மச்சான். வெயில் ஏறிய பிறகு, தண்ணீரை ஒட்டி, ரோஸ் நிறத்தில். "நம்ம ஏரி அல்லி ராத்திரியில பூக்கும். இது பகல்ல பூக்குது. ஒங்க ரெண்டு பேரு மாதிரியே கோணல்" என்றாள் உன் தங்கச்சி. சாயங்காலம் அது குவிந்துகொண்டது. பூ செத்துவிட்டது என்று நான் கத்தியோடு குனிந்தபோது என் கையைப் பிடித்தாய்.

"மூடிக்கிட்டா செத்துப்போச்சா? காலைல வந்து பாரு."

காலையில் திறந்திருந்தது.

"எவ்வளவு நேரம்பா ஒக்காந்திருப்பீங்க?" என்றான் மகன்.

"அவரு டேப்ப சுருட்டுற வரைக்கும். இல்லன்னா என்னையும் சேத்து மூடு."

"கார் வெயில்ல நின்னா கெட்டுடும்பா."

"குளிர் நாட்டு அல்லியே நிக்குது. ஒன் காரு நிக்காதா?"

அளவெடுக்க வந்தவர் முதலில் சிரித்தார். டேப் சுருண்டது. மகன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். "மாமா வச்சதுன்னுதானே இந்தப் பிடிவாதம்?"

"சேச்சே. பூவுக்குத்தாண்டா."

வேறு எதையும் அவனிடம் சொல்லவில்லை. போன வருஷம் உன் ஊர் ஆண்டிமடத்தில் உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தபோது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம் என்றார்கள். நான்தான் வாசலில் நின்று சண்டை போட்டுக் காலைவரை நிறுத்தினேன். வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டும் என்று காரணம் சொன்னேன். வருவதற்கு யாரும் இல்லை. காலையில் ஒரு தடவை உன் கண் திறக்கிறதா பார்த்துவிடலாம் என்றுதான் மச்சான்.