இடது பின்சக்கரம்

இலக்கியா அப்பாவுக்கு,

விஜயா எழுதுகிறேன். இங்கே நானும் பாப்பாவும் உங்கள் அம்மாவும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதாகப் போனில் சொல்வதை நான் நம்புவதில்லை. "சாப்டியா, பாப்பா தூங்கிட்டாளா" என்று கேட்டுவிட்டு, அவள் போனை வாங்க ஓடி வருவதற்குள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி, ஓசூருக்கு லோடு ஏற்றி வரும் பாவாடை அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாதே.

காரை இரும்புக்கடையில் போட்டுவிடச் சொன்னீர்கள். கடைக்காரர் வந்தார். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் விழுந்த வண்டியை வாசலில் கொண்டுவந்து விட்டதோடு சரி, மழைக்காலம் முழுக்க அங்கேயே நின்றிருக்கிறது. சக்கரமெல்லாம் துருவில் இறுகி, நாலு பேர் தள்ளியும் நகரவில்லை. கேஸ் வைத்து அறுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். நம் வாசலில், அத்தை கண்ணெதிரே அறுப்பதா? எனக்கு வந்ததே கோபம். நானே சக்கரத்தைக் கழற்றி வைக்கிறேன், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். உங்கள் ஸ்பானர் பெட்டியும் போனில் நாலு வீடியோவும்தான் எனக்குத் துணை. முதல் நட்டிலேயே வீராப்பாக ஏறி மிதித்து, போல்ட்டை முறித்தேன். பிறகுதான் புத்தி வந்தது. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, டீசல் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் சுற்றிலும் தட்டி, ஒரு இழை இறுக்கிவிட்டுத்தான் தளர்த்த வேண்டுமாம். ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டேன். மூன்று சக்கரங்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. "பொம்பளையாடி நீ, பேயாட்டம் தொங்கிகினு கீற" என்று அத்தை திட்டிக்கொண்டே மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

இடது பின்சக்கரம் மட்டும் அசையவில்லை. மற்றவற்றில் துரு பொடியாக இருந்தது. இதில் அடை அடையாக இருந்தது. தினமும் சமையல் முடிந்ததும் டீசல் விடுவேன், தட்டுவேன், வைதுவிட்டு வருவேன். கடைசியில் சக்கரம் வந்தது, உள்ளே இருந்த டிரம்மையும் அடித்து அடித்துக் கழற்றினேன். அதன் பின்னால் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத மெல்லிய பைப் ஒன்று போகிறது. பிரஷ்ஷால் தொட்டதும் உதிர்ந்தது. அது ஏற்கெனவே வெடித்திருந்தது, கீழே எண்ணெய் வழிந்து காய்ந்த கறை.

அந்தத் துண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். கள்ளக்குறிச்சி பஸ் ஏறி மெக்கானிக் சிவசங்கரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரேக் பைப்பு அக்கா இது. மிதிச்ச வேகத்துலதான் வெடிச்சிருக்கு, பெடலு தரைக்குப் போயிருக்கும். அண்ணன் தூங்கியிருந்தாலும் முழிச்சிகினு இருந்தாலும் வண்டி நின்னிருக்காது" என்றார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல்.

இன்னா மனுசன் நீங்கள்! கண் அசந்துவிட்டேன், மிதித்தேனோ இல்லையோ தெரியவில்லை, என் பிள்ளை கையை நானே முறித்தேன் என்று சொல்லிச் சொல்லியே ஊரைவிட்டுப் போனீர்கள். நீங்கள் மிதித்தீர்கள். பிரேக்தான் இல்லை. அந்தத் துண்டைக் கவரில் வைத்திருக்கிறேன், கையில் எடுத்துப் பாருங்கள்.

உடனே, பைப்பைக் கவனிக்காமல் விட்டேனே என்று புதிதாக ஒன்றை ஆரம்பிக்காதீர்கள். அதற்காகத்தான் இதையும் சொல்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை அத்தை காருக்குத் திருஷ்டி கழிப்பார் அல்லவா? கல்லுப்பைக் கரைத்து, வண்டியைச் சுற்றி வந்து, தெருப்பக்கம் இருக்கும் அந்த இடது பின்சக்கரத்தில்தான் ஊற்றுவார். "எம்புள்ள மலமேல போய் வரான், எந்தக் கண்ணும் படக்கூடாது" என்று குடம் குடமாக. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஊற்றியிருக்கிறார். உப்புத் தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாததா?

அவருக்கு இது தெரியாது. பைப்பைப் பார்த்து "இன்னாடி அது" என்றார், ஏதோ பழசு என்றேன். நீங்களும் வாய் திறக்கக் கூடாது. இத்தனை மாதம் நீங்கள் சுமந்ததை அவரால் ஒரு ராத்திரிகூடத் தாங்க முடியாது. நமக்குள்ளேயே இருக்கட்டும்.

ஆனால் பாப்பா விஷயத்தை நான் மூட முடியாது. நேற்று, "அருவி பாக்கணும்னு நாந்தானம்மா அடம் புடிச்சேன், அதான் அப்பா எங்கூடப் பேசல" என்றாள். எவ்வளவு நாளாக இதை மனதில் வைத்திருந்தாளோ! உப்பு விஷயத்தை விட்டுவிட்டு, பைப் வெடித்ததை மட்டும் அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அப்ப அப்பா வருவாரா" என்றாள். கடிதம் எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

கட்டுப் பிரித்தாயிற்று. முழங்கை கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது, முழுசாக நீட்ட வரவில்லை. எழுதுகிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள், தலை மட்டும் நான் பின்னிவிடுகிறேன். அந்தக் கையைப் பார்க்கத்தான் பயந்துகொண்டு அங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியாதா? வாருங்கள். வந்து அவள் கையைப் பிடித்துப் பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஓசூரில் யாருமில்லாமல் அழுவதை இங்கே வந்து அழுங்கள், நாங்கள் இருக்கிறோம்.

கோபமும் ஆசையுமாக,
விஜயலட்சுமி
சங்கராபுரம்